ஜட்காவின் ஆரக்காலிலிருந்து ஏர் ஹாரன் வரை

மோட்டார் சைக்கிள் வாங்கிய சூட்டோடு, கம்பெனி கொடுத்த ஹாரனைக் கழற்றிவிட்டு அதைவிடச் சத்தமான ஒன்றை மாட்டிக்கொள்வது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இதற்குப் பேர்போன இடங்கள் என்றாலும், சிற்றூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய உதிரிபாகக் கடையிலும் ஹாரனுக்கென்று ஒரு தட்டு இருக்கும். இதை இளவட்டங்களின் மிடுக்கு என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். அப்படி முடித்துவிட்டால், சாலையில் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழாகத் திரும்பிய கதை நம் கண்ணில் படாமலேயே போய்விடும். ஹாரன் பிறந்தபோது அது வண்டிக்காரரின் கடன். தன் இயந்திரத்தால் யாருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாதே என்று, நடந்து போகிறவருக்கு அவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய சேதி. இன்று அதே ஹாரன் நடந்து போகிறவரின் தலையில் ஏற்றப்பட்ட கடனாகிவிட்டது: சத்தம் கேட்டதும் ஒதுங்கவேண்டியது அவர் பொறுப்பு. இந்தத் திருப்பம் படிப்படியாக நடந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நியாயமும் இருந்தது. அதனால்தான் அதை நிதானமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

மோட்டார் வருவதற்கு முன்பும் நம் தெருக்களில் வண்டிகளின் சத்தம் இருந்தது. மாட்டு வண்டி வருவதை மாட்டின் கழுத்து மணி சொன்னது. மாடு மெல்ல நடந்தால் மணி மெல்ல ஒலிக்கும். ஓடினால் சலங்கை படபடக்கும். திரும்பிப் பார்க்காமலே வண்டி எவ்வளவு தொலைவில், என்ன வேகத்தில் வருகிறது என்று காது கணக்கிட்டுவிடும். குதிரை பூட்டிய ஜட்காவை ஓட்டியவர் கையாண்ட முறை இன்னும் நுட்பமானது. நெரிசலான தெருவில் முன்னால் ஆள் வந்தால், சாட்டையின் குச்சியைச் சுழலும் சக்கரத்தின் ஆரக்கால்களுக்குள் கொடுப்பார். ஒவ்வொரு ஆரமும் குச்சியில் தட்ட, கடகடவென்று சத்தம் எழும். சக்கரம் வேகமாகச் சுற்றினால் சத்தமும் வேகமெடுக்கும். வண்டி நின்றால் சத்தமும் நின்றுவிடும். நிற்கிற வண்டியிலிருந்து யாரையும் விரட்ட அந்தக் குச்சியால் முடியாது. 1895 முதல் 1953 வரை சென்னையில் ஓடிய டிராம் வண்டியில் ஓட்டுநர் காலால் மிதித்து மணியை அடித்தார். டிராம் தண்டவாளத்தை விட்டு விலக முடியாத வண்டி. தான் விலக முடியாது என்பதால் மற்றவரை விலகச் சொன்னது. பழைய ஒலிகள் எல்லாவற்றிலும் ஒரு பொது இயல்பைக் காண்கிறேன். சத்தத்தின் அளவு வண்டியோடும், மாட்டோடும், மனித உடலின் வலுவோடும் கட்டுண்டு கிடந்தது.

இயந்திர வண்டிக்கு முதலில் எச்சரிக்கைக் கருவியாக அமைந்தது ஒரு மனிதரே. 1865ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், சாலையில் ஓடும் நீராவி வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து போகவேண்டும் என்றது. வேகத்துக்கும் உச்சவரம்பு இருந்தது: ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். கொடி ஏந்தும் கட்டாயம் பின்னர் தளர்ந்தது. 1896இல் வந்த சட்டம் இலகுவான வண்டிகளுக்கு முன்னால் ஆள் நடக்கும் கட்டாயத்தையும் நீக்கியது. ஆனால் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடவில்லை. வண்டி வருவதையும் அது இருக்கும் இடத்தையும் காதில் விழும்படி, போதுமான அளவு எச்சரிக்கும் மணியோ வேறு கருவியோ வண்டியில் இருக்கவேண்டும் என்று விதித்தது. நடந்து போன அந்த மனிதருக்குப் பதிலாக வந்து உட்கார்ந்ததுதான் ஹாரன். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1989ஆம் ஆண்டின் நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி எழுதப்பட்டபோதும் அதே சொற்கள் திரும்ப வந்தன: காதில் விழக்கூடிய, போதுமான எச்சரிக்கை. 'போதுமான' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. யாருக்குப் போதுமானது? திறந்த காதுகளுடன் சாலையில் இருக்கும் மனிதருக்கு. அவரை மனத்தில் வைத்துத்தான் 1896இல் அந்தச் சொல் எழுதப்பட்டது.

அந்தக் கருவி முதலில் ரப்பர் பந்து வைத்த பித்தளைக் கொம்பாக இருந்தது. பந்தை அமுக்கினால் காற்று உள்ளிருக்கும் மெல்லிய நாக்கை அதிரவைக்கும். 'ப்பாம்' என்று ஒலிக்கும். தமிழ்நாட்டின் பழைய பஸ்களிலும் லாரிகளிலும் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் அது இருந்தது. ஆட்டோக்களில் நெடுங்காலம் நீடித்தது. சைக்கிளில் ஐஸ் விற்பவர்களிடம் இன்றும் கேட்கலாம். அந்தக் கொம்புக்கு இருந்த பெரிய நற்குணம், அமுக்கும் கை வலிக்கும் என்பது. தேவையில்லாமல் யாரும் ஒரு மைல் தூரத்துக்கு அதை அமுக்கிக்கொண்டே போக மாட்டார்கள். 1908 வாக்கில் அமெரிக்காவில் கிளாக்ஸன் ஹாரன் வந்தபோது அந்தக் கட்டு அறுந்தது. அதை உருவாக்கிய மில்லர் ரீஸ் ஹட்சிசன், காது கேளாதோருக்கான மின் கருவியை முன்பே வடிவமைத்தவர். பல் வைத்த சக்கரத்தை மோட்டார் சுழற்ற, பற்கள் ஓர் உலோகத் தகட்டின் நடுவில் இருந்த குமிழை அடுத்தடுத்துத் தட்டின. அலறுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயரும் வைத்தார்கள். முதல் உலகப் போரில் விஷவாயு வருகிறது என்று பதுங்குகுழி வீரர்களை எழுப்ப இதே கிளாக்ஸனும் பயன்பட்டது. உயிர் போகும் நேரத்தில் சிப்பாயை உலுக்கி எழுப்பத் தகுந்த ஒலியும் தெருவில் நடக்கும் பெண்மணிக்குப் பின்னால் எழுப்பப்பட்ட ஒலியும் ஒரே கருவியிலிருந்து வந்தன. ஹாரனின் குணம் மாறத் தொடங்கிய இடம் இது என்பேன்.

1921இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்காந்த ஹாரனைக் கொண்டுவந்தது. இன்று நம் வண்டிகளில் இருப்பவை அந்த வழியில் வந்தவை. உள்ளே ஒரு மின்காந்தம், அதன் முன்னே மெல்லிய எஃகுத் தகடு. மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்த கணமே, மின்சாரம் பாயும் தொடுமுனையான பாயிண்ட் பிரிந்து மின்சாரம் நிற்கும். தகடு பழைய நிலைக்குத் திரும்பும். பாயிண்ட் மறுபடி ஒட்டும். ஒரு நொடிக்குச் சில நூறு முறை இப்படி நடப்பதைத்தான் நாம் ஹாரன் சத்தமாகக் கேட்கிறோம். தகட்டின் மேல் வட்டத்தட்டு வைத்தால் கீச்சென்ற ஒலி. நத்தை ஓடு போன்ற சுருள் குழாயை வைத்தால் கனமான, நெடுந்தூரம் போகிற ஒலி. கடைகளில் அதை 'விண்ட்டோன்' என்பார்கள். இந்த அமைப்பில் கைவலி என்பதே இல்லை. கட்டைவிரலின் லேசான தொடுதல் போதும். பேட்டரி தாங்கும்வரை கத்தும்.

நம் நாட்டில் ஹாரனுக்கு இன்னொரு வேலையைக் கொடுத்தவை லாரிகள். ஒற்றைத் தடமாகக் கிடந்த நெடுஞ்சாலைகளில் பாரம் ஏற்றிய லாரியின் ஓட்டுநருக்குப் பின்னால் வருவது தெரியாது. பல வண்டிகளில் ஒழுங்கான பக்கக் கண்ணாடி கிடையாது. இருந்தாலும் துருத்திக்கொண்டிருக்கும் வைக்கோலோ மூட்டையோ மறைத்துவிடும். இன்ஜினின் இரைச்சல் வேறு. ஆகவே லாரியின் பின்புறத்தில் 'சவுண்ட் ஹாரன்' என்று தாமே எழுதிவைத்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பார்க்க முடியாதவர், 'எனக்குத் தெரியாது, நீ சொல்லிவிட்டு வா' என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்ட நேர்மையான ஏற்பாடு அது. ஆனால் அந்த ஏற்பாடு ஹாரனின் பொருளைத் திருப்பிப் போட்டது. தன்னால் அடிபடக்கூடியவரை எச்சரிக்க வந்த கருவி, தனக்கு வழி கேட்கும் கருவியாயிற்று. லாரிக்கும் லாரிக்கும் இடையே எழுதப்பட்ட வாசகத்தை ஊருக்குள் சைக்கிளின் பின்னாலும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பின்னாலும் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். அப்புறம் கனரக வண்டிகளில் காற்று பிரேக் வந்தது. அதற்கான தொட்டியில் அழுத்தப்பட்ட காற்று எப்போதும் தயாராக இருந்ததால், அதிலிருந்து ஒரு குழாயை இழுத்து ஏர் ஹாரனுக்குக் கொடுப்பது சுலபமாயிற்று. லாரி வாசகத்தின் இன்னொரு வடிவமான 'ஹாரன் ஓகே பிளீஸ்' என்பதை மகாராஷ்டிர அரசு 2015இல் வணிக வாகனங்களில் எழுதுவதைத் தடைசெய்தது. எழுத்தை அழிக்கலாம், பழகிய கையை மாற்றுவது கடினம்.

இந்தச் சத்தப் போட்டியில் மோட்டார் சைக்கிள் மிகப் பலவீனமான ஆயுதத்துடன் இறங்கியது. 1955இல் சென்னையில் புல்லட் தயாராகத் தொடங்கியபோது வண்டியின் மின்சாரம் 6 வோல்ட்தான். பின்னர் வந்த மொபெட்டுகளில் பேட்டரியே இல்லாதவை உண்டு. மேக்னெட்டோ தரும் மின்சாரத்தில்தான் ஹாரன் ஒலித்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் சத்தமும் தேய்ந்துபோகும். கூட்டத்தில் வேகத்தைக் குறைக்கும் நேரத்தில்தான் ஹாரன் தேவைப்படும், அந்த நேரத்தில்தான் அது முனகும். 1980களின் நடுவில் 100 சி.சி. ஜப்பானிய வண்டிகள் பெருகின. ஹாரனுக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 28ஆம் ஒழுங்குவிதி, 7 கிலோவாட்டுக்கு மேல் திறனுள்ள மோட்டார் சைக்கிளின் ஹாரன் 7 மீட்டர் தொலைவில் குறைந்தது 93 டெசிபெல் இருக்கவேண்டும் என்கிறது. அதற்குக் கீழ்ப்பட்ட சிறு வண்டிக்கு 83 டெசிபெல் போதும். உச்சவரம்பு இரண்டுக்கும் 112. நம் ஊரில் கோடிக்கணக்கில் ஓடும் 100 சி.சி. வண்டிகள் அந்தச் சிறு வகுப்பைச் சேர்ந்தவை. காலப்போக்கில் கார்களின் கண்ணாடிகள் மூடிக்கொண்டன. ஏ.சி. வந்தது, பாட்டு வந்தது. முன்பு திறந்த ஜன்னலில் முழங்கை வைத்து ஓட்டியவருக்குக் கேட்ட ஹாரன் இப்போது கேட்கவில்லை. சாலையில் அதிகம் அடிபடுகிறவர் இரு சக்கர வண்டிக்காரர். அவர் குரல்தான் உள்ளே எட்டவில்லை. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். இவர்கள் சத்தமான ஹாரனைத் தேடிக் கடைக்குப் போனதில் ஆச்சரியமில்லை. அந்தத் தேடலுக்குப் பின்னால் இருப்பது திமிர் என்று சொல்கிறவர்கள் அந்த 44.5 சதவீதத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

தேவை கையருகிலேயே நிறைவேறியது என்பதும் இந்த வரலாற்றில் ஒரு பகுதி. கோவையில் 1970இல் தொழில் தொடங்கிய ரூட்ஸ் நிறுவனம் நாட்டின் பெரிய ஹாரன் தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. காருக்கும் லாரிக்கும் செய்யப்பட்ட தரமான ஹாரன்கள் மோட்டார் சைக்கிள்காரருக்கும் எட்டும் விலையில் கிடைத்தன. ஆனால் பொருத்துவது அத்தனை எளிதல்ல. வண்டியோடு வந்த ஹாரன் இழுக்கும் மின்சாரத்தைப் போல ஒரு ஜோடி விண்ட்டோன் பல மடங்கு இழுக்கும். கைப்பிடியில் இருக்கும் சிறிய சுவிட்ச் அதைத் தாங்காது, பாயிண்ட் கருகிவிடும். அதனால் விவரம் தெரிந்த மெக்கானிக் நடுவில் ஒரு ரிலே வைப்பார். சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். பேட்டரியிலிருந்து தடித்த வயரில், ஃபியூஸ் வழியாக, ஹாரனுக்குத் தனியே மின்சாரம் போகும். இதில் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. 'ஹாரன் சரியில்லை' என்று வரும் வண்டிகள் பலவற்றில் கோளாறு ஹாரனில் இருப்பதில்லை. மெல்லிய வயரிலும் துருவேறிய இணைப்பிலும் வோல்ட் குறைந்துபோகிறது. அல்லது பின்புறம் இருக்கும் சிறிய திருகு தளர்ந்து பாயிண்ட் இடைவெளி மாறியிருக்கிறது. அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பி, இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பழைய ஹாரன் முழுக்குரலில் பேசும். புதியதை விற்பதில் லாபம் இருக்கிறது, திருகைத் திருப்புவதில் இல்லை.

இங்கேதான் என் முக்கியமான ஆட்சேபம் எழுகிறது. சத்தம் போகும் திசையை ஹாரன் தேர்ந்தெடுப்பதில்லை. திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். 7 மீட்டரில் 100 டெசிபெல் இருக்கும் ஹாரன், 1.75 மீட்டரில் 112 டெசிபெல் ஆகிறது. 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். மூடிய காருக்குள் இருப்பவரை எட்டுவதற்காக ஏற்றப்பட்ட சத்தம், காரின் கண்ணாடியையும் தகரத்தையும் கடந்து போவதற்குள் தேய்ந்து, உள்ளே போகும்போது சாதாரண ஒலியாகிவிடுகிறது. அதே சத்தம் சாலையோரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நடந்து போகும் மூதாட்டியின் காதில் தேயாமல் விழுகிறது. சைக்கிள்காரரும், தள்ளுவண்டிக்காரரும், நாள் முழுவதும் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும் தேய்க்கப்படாத அந்த முழுச் சத்தத்தை வாங்குகிறார்கள். காரில் இருப்பவரின் கேளாமைக்கு அபராதம் கட்டுபவர் சாலையில் நடப்பவர். 2022இல் இறந்தவர்களில் 19.5 சதவீதம் பேர் பாதசாரிகள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். யாருக்காக ஹாரன் உண்டாக்கப்பட்டதோ அவர்களையே அது அதிகம் தாக்குகிறது.

'உயிர் முக்கியமா, காது முக்கியமா' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குச் சாட்சியம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் ஓர் அறிக்கை வெளியானது. வேறு வாகனம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகன ஓட்டுநர் மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியில் குறுக்கிட்டதால் நேர்ந்தவை. பெரும்பாலும் அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதும்வரை வண்டிக்காரருக்குக் கிடைத்த நேரம் சராசரியாக 2 நொடிக்கும் குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி என்பது 33 மீட்டர். அந்த நேரத்துக்குள் ஹாரனை அழுத்தி, எதிரில் இருப்பவர் கேட்டு, எந்தத் திசையிலிருந்து என்று புரிந்து, காலை எடுத்துப் பிரேக்கில் வைத்து, வண்டி நிற்கவேண்டும். அது நடக்காத காரியம். அந்த 2 நொடியில் பயன்படுவது பிரேக்தான். ஹாரன் உதவும் சந்தர்ப்பங்கள் வேறு: மெதுவாகப் பின்னோக்கி வரும் வேன், தடம் மாறி நம் மேல் சாய்ந்துவரும் லாரி. நேரம் இருக்கும் இடங்கள் அவை. அங்கே நல்ல நிலையில் இருக்கும், விதிக்குட்பட்ட ஹாரன் போதும். கம்பெனி ஹாரன் உண்மையிலேயே மெலிந்ததாக இருந்தால் அதே வரம்புக்குள் சற்று உரத்த ஒன்றை மாட்டிக்கொள்வதை நான் தவறென்று சொல்லமாட்டேன். பார்க்காததுதான் நோய் என்பதை உணர்ந்துதான், 2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் இரு சக்கர வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரியும்படி விதி வந்தது.

இன்னொரு வாதமும் அடிக்கடி கேட்கிறது: ஹாரன் இல்லாமல் நம் நாட்டில் வண்டி ஓட்டவே முடியாது. ஆனால் மலைச் சரிவில் குறுகிய தெருக்களுடன் நெருக்கமாகக் கட்டப்பட்ட மிசோரமின் தலைநகர் ஐஸால், ஹாரன் அடிக்காமல் வரிசையில் காத்திருக்கும் ஊர் என்று பெயர் பெற்றிருக்கிறது. காத்மாண்டுவில் 2017 ஏப்ரல் 14 அன்று, நேபாளப் புத்தாண்டிலிருந்து, தேவையற்ற ஹாரனைத் தடைசெய்தார்கள். மோட்டார் சைக்கிளும் பஸ்ஸும் பாதசாரியும் ஒரே தடத்தில் நெருக்கும் நகரம் அது; நம் மதுரைக்கோ திருச்சிக்கோ நெரிசலில் இளைத்ததல்ல. அதற்கும் முன்பே 1934இல் லண்டனில் இரவு ஹாரனுக்குத் தடை வந்தது. 1954இல் பாரிஸ் நகரில் பகலிலும் தடை வந்தது. எங்கும் போக்குவரத்து நின்றுவிடவில்லை. ஹாரன் இல்லாமல் முடியாது என்பது பழகிப்போனவர்களின் நம்பிக்கை.

சட்டம் இந்த விஷயத்தில் ஊமையாக இல்லை. 119ஆம் விதியின் இரண்டாம் பகுதி, மாறிமாறிப் பல சுரத்தில் ஒலிக்கும் ஹாரனையும், அளவுக்கு மீறிக் கடுமையான, கிரீச்சிடும், திடுக்கிட வைக்கும் ஒலிக் கருவியையும் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை ஹாரன் கூடாது என்றது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-எஃப் பிரிவு, தேவையின்றி அடிப்பவருக்கு முதல்முறை 1,000 ரூபாயும் அடுத்தமுறை 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. குறை, சட்டம் சாலையில் போகிறவரை மட்டுமே பிடிக்கப் பார்ப்பதில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ஹாரனை அளப்பது கடினம். அடித்து முடித்தால் சாட்சியமே இல்லை. ஆம்புலன்ஸ் போல ஊளையிடும் ஹாரனும், குட்டி கம்ப்ரஸர் வைத்த ஏர் ஹாரனும் அலமாரியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது அவற்றைப் பிடிப்பது சுலபம். விற்பனையிடத்தில் நிறுத்தாமல் சாலையில் துரத்துவது பயனற்ற வேலை என்பது என் முடிவு.

ஹாரன் மாற்றப் போகிறவரிடம் ஒரு வேண்டுகோள். லாரிக்காரர்கள் கண்ணாடி இல்லாத குறையால்தான் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதினார்கள். இன்று ஹாரனைப் பெரிதாக்கும் அதே பட்டறையில் மோட்டார் சைக்கிளின் இரு கண்ணாடிகளையும் அழகு கருதிக் கழற்றிவிடுகிறோம். ஏற்கெனவே கழற்றியிருந்தால், புதிய ஹாரனுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் அந்தக் கண்ணாடிகளை மாட்டுங்கள். அடுத்து, பழைய ஹாரனின் இணைப்பைச் சுத்தம் செய்து, பின்னால் இருக்கும் திருகைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.